கிரைண்டிங்கைக் கண்காணிக்க ஏஇ சென்சார் மட்டும் போதுமா, விசையும் அளக்க வேண்டுமா?

கேள்வி இதுதான். சர்ஃபேஸ் கிரைண்டிங் மெஷின், அலுமினா வீல், கடினப்படுத்திய ஸ்டீல் ஜாப் (அரைக்கப்படும் துண்டு). வீல் மழுங்குவதையும் ஜாப் கருகுவதையும் (பர்ன்) ஓடும்போதே பிடிக்க வேண்டும். கையில் அகௌஸ்டிக் எமிஷன் (ஏஇ) சென்சார் ஒன்று இருக்கிறது. விசையை அளக்கும் டைனமோமீட்டரும் வாங்க வேண்டுமா என்பது முதல் சந்தேகம். ஏஇ சிக்னலின் ஆர்எம்எஸ் அளவு (சிக்னலின் சராசரி வலிமை) நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று மாறுவது ஏன் என்பது இரண்டாவது. மெஷின் லேர்னிங்கிடம் கொடுத்தால் இதெல்லாம் சரியாகிவிடாதா என்பது மூன்றாவது.

மூன்றாவதற்கு மட்டும் இப்போதே பதில்: ஆகாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதல் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை.

ஏஇ-யைத் தமிழில் ஒலி உமிழ்வு என்கிறார்கள். ஆனால் பெயரில்தான் ஒலி. மனிதக் காது கேட்பது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. ஏஇ-யில் நாம் பார்ப்பது ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், உலோகத்துக்குள்ளேயே ஓடுகிற மீள் அலைகளை. ஒரு பொருள் சட்டென்று நெளிந்தாலோ, விரிசல் விட்டாலோ, ஒன்றோடொன்று உரசினாலோ, உள்ளே தேங்கிய ஆற்றலில் கொஞ்சம் அலையாக வெளியேறும். 1950-இல் மியூனிக்கில் யோசஃப் கைசர் தன் முனைவர் பட்ட ஆய்வில் உலோகங்களை இழுத்துப் பார்த்து இதை முறையாக எழுதி வைத்தார். அவர் இழுத்தது சாதாரண சோதனைத் துண்டுகளை. கிரைண்டிங்கில் நிலைமை அதைவிடப் பல மடங்கு இரைச்சலானது.

எவ்வளவு இரைச்சல் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீலின் விட்டம் 400 மி.மீ., வேகம் நொடிக்கு 30 மீட்டர், வெட்டும் அகலம் 10 மி.மீ. வீல் முகத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரே ஒரு துகள் வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நொடிக்கு 3 லட்சம் துகள்கள் ஜாப்பை வந்து தொடுகின்றன. ஒவ்வொன்றும் ஜாப்பில் முதலில் உரசும், அப்புறம் உழும், பிறகுதான் சில்லு எடுக்கும். சில துகள்கள் அந்தத் தொடுகையில் உடையும். சிலவற்றைப் பிடித்திருக்கும் பிணைப்பே உடைந்து துகள் கழன்று விழும். அத்தனையும் ஏஇ-யாக வருகிறது. கூலண்ட் வந்து அடிப்பதும் பேரிங் ஓடுவதும் அதோடு சேரும். ஆகவே நீங்கள் பார்க்கும் ஆர்எம்எஸ் ஒரு துகளின் குரல் இல்லை, ஒரு பெருங்கூட்டத்தின் மொத்த இரைச்சல். கூட்டம் எப்போது கத்தத் தொடங்கியது, எப்போது அடங்கியது என்பதை அதை வைத்துத் துல்லியமாகச் சொல்லலாம். என்ன கத்துகிறது என்று சொல்வதுதான் கஷ்டம்.

விசை இதற்கு நேர்மாறான குணம் உடையது. மெதுவானது, ஆனால் நியூட்டனில் வரும், அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. செங்குத்தாக ஜாப்பை அழுத்தும் விசை, வீல் சுற்றும் திசையில் இழுக்கும் தொடுகோட்டு விசை என இரண்டையும் தனித்தனியே எடுங்கள். தொடுகோட்டு விசையை வீல் வேகத்தால் பெருக்கினால் பவர். அந்தப் பவரை, நொடிக்கு எத்தனை கன மில்லிமீட்டர் உலோகம் போகிறது என்பதால் வகுத்தால் கிடைப்பதுதான் தன்னாற்றல்.

உங்கள் நிலைமைக்குப் பொருந்துகிற மாதிரி எண்களைப் போடுகிறேன். தொடுகோட்டு விசை 40 நியூட்டன் என்றால், 30 மீட்டர் வேகத்தில் 1,200 வாட். ஆழம் 20 மைக்ரான், அகலம் 10 மி.மீ., டேபிள் வேகம் நிமிடத்துக்கு 10 மீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 33 கன மி.மீ. போகிறது. தன்னாற்றல் கன மில்லிமீட்டருக்கு 36 ஜூல். ஸ்டீலை உருக்கவே கன மில்லிமீட்டருக்குப் பத்து ஜூல் சொச்சம்தான் வேண்டும்! மீதி எங்கே போகிறது? உரசலிலும் உழுவதிலும் போகிறது, அதில் பெரும்பங்கு வெப்பமாகிறது, அந்த வெப்பத்தில் கணிசமான பங்கு ஜாப்புக்குள் இறங்குகிறது. கருகல் வரும் வழி இதுதான். வீல் மழுங்க மழுங்கத் துகள்களின் முனையில் தட்டையான பரப்பு பெருகும், உரசல் கூடும், தன்னாற்றல் ஏறும். எந்த ஏஇ வரைபடமும் இந்தக் கணக்கை உங்களுக்குத் தராது.

விசை தரும் இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது, தொடுகோட்டு விசைக்கும் செங்குத்து விசைக்கும் உள்ள விகிதம். வீல் கூர்மையாக இருந்தால் இது பெரிது, மழுங்கினால் சிறிது. 0.5 பக்கத்தில் இருந்தது மெல்ல இறங்கி 0.3-ஐ நெருங்குகிறது என்றால் வீல் வெட்டுவதைக் குறைத்து அழுத்தித் தேய்க்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இது விகிதம் என்பதால் வெட்டு ஆழம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் அவ்வளவாக ஆடாது. தனி விசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஜாப் இரண்டு மைக்ரான் தடிமனாக வந்ததையும் வீல் மழுங்கியதாக எடுத்துக்கொள்வீர்கள்.

அப்படியானால் விசை மட்டும் போதுமே என்று தோன்றும். போதாது. டேபிள் நிமிடத்துக்கு 10 மீட்டர் ஓடினால் 100 மி.மீ. ஜாப்பை 0.6 நொடியில் கடந்துவிடும். அதில் 3 மி.மீ. நீளத்துக்கு ஒரு கருகல் திட்டு என்றால், அது நடந்து முடிய 18 மில்லிநொடி. ஸ்பிண்டில் மோட்டார் பவரை அரை நொடி சராசரியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தத் திட்டு வந்த சுவடே தெரியாது. வீலின் நிலைமம் வேறு அதை மழுப்பிவிடும். டைனமோமீட்டர் இதைவிட வேகமானதுதான். ஆனால் அதன் மேல் ஃபிக்ஸ்சரும் ஜாப்பும் ஏறி உட்கார்ந்ததும் அதன் இயல்பு அதிர்வெண் இறங்கிவிடும். அந்த அதிர்வெண்ணில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் நம்பலாம் என்பது வழக்கமான கைக்கணக்கு. ஏஇ-க்கு இந்தத் தடை இல்லை. ஒரு மில்லிநொடி ஆர்எம்எஸ் எடுத்தால் வீல் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் 42 புள்ளிகள் கிடைக்கும்.

அந்த 42 புள்ளிகளை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றையும் ஒரு வரியாக, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, அளவுக்கேற்ப நிறம் கொடுத்து ஒரு படமாகப் பாருங்கள். வீல் மையம் விலகி ஓடினால் படத்தில் ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் பட்டை நிற்கும். வீலில் ஒரு மூலை அடைத்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு வரும். ஜாப்பை எடுத்துச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்து, சுமார் 7 மி.மீ. இடைவெளியில் அலை அலையாகத் தெரிந்தால், அது வீலின் ஒரு சுற்றுக்கு டேபிள் நகரும் தூரம். படத்தில் உள்ள பட்டையும் ஜாப்பில் உள்ள அலையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். சாட்டர், அதாவது மெஷினே அதிர்ந்து வெட்டு நடுங்குவது, வேறு. அது பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே வரும், ஆகவே ஆர்எம்எஸ் இடைவெளியை ஒரு மில்லிநொடிக்கும் கீழே குறைத்துக்கொண்டு அதன் ஸ்பெக்ட்ரம் பாருங்கள், அல்லது விசையின் ஸ்பெக்ட்ரம் பாருங்கள். இரண்டில் எது கைக்கு வாகோ அது.

ஏஇ உண்மையிலேயே ராஜாவாக இருப்பது தொடுகையைக் கண்டுபிடிப்பதில்தான். வீல் ஜாப்பைத் தொடும் அந்தக் கணத்தில் சிக்னல் செங்குத்தாக எழும். கையில் நியூட்டன் கணக்கில் எதுவும் தெரிவதற்கு முன்பே ஏஇ சொல்லிவிடும். அதுவரை வேகமாக இறக்கி, தொட்டதும் மெதுவாக்கினால் காற்றில் வெட்டும் நேரம் மிச்சம். வைர முனையால் வீல் முகத்தைச் சீவிக் கூர்மையாக்கும் டிரஸ்ஸிங்கிலும் இதே கதை. வைரம் வீல் முகத்தைக் கடந்து போகும்போது ஏஇ கோடு தட்டையாக ஓடினால் முகம் முழுவதையும் வைரம் தொட்டிருக்கிறது. நடுவில் பள்ளம் விழுந்தால் வீலில் அந்த இடம் குழிந்திருக்கிறது, இன்னொரு தடவை ஓட்ட வேண்டும். சாதாரண அலுமினா வீலில் 20 மைக்ரான் கூடுதலாகப் போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். சிபிஎன் (க்யூபிக் போரான் நைட்ரைடு) வீலில் ஒவ்வொரு மைக்ரானும் காசு, அங்கே இரண்டு மூன்று மைக்ரான் மட்டும் எடுத்து நிறுத்த ஏஇ இல்லாமல் முடியாது.

சரி, வீல் மழுங்கலை ஏஇ காட்டுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மழுங்கினால் உரசல் கூடும், அதனால் ஆர்எம்எஸ் ஏறும் என்பது ஒரு பக்கம். துகள்கள் உடைவது குறையும், சில்லு எடுப்பது குறையும், அதனால் இறங்கும் என்பது மறுபக்கம். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பது வீலின் கிரேடையும் (பிணைப்பின் கடினம்) உலோகத்தையும் ஆழத்தையும் பொறுத்தது. மென்மையான பிணைப்புள்ள வீல் என்றால் மழுங்கிய துகள்கள் கழன்று, புதியவை வெளியே வந்து, விசை தானாக இறங்கும், ஏஇ-யில் அப்போது வெடிப்பு வெடிப்பாகக் கூர் முனைகள் தெரியும். ஆகவே ஏஇ ஆர்எம்எஸ் ஏறினால் மழுங்கல் என்று ஒற்றை வரியில் விதி எழுதாதீர்கள். மழுங்கலுக்கு விசை விகிதமும் தன்னாற்றலும்தான் சாட்சி.

இப்போது இரண்டாவது சந்தேகம், அளவு நாளுக்கு நாள் மாறுவது. ஏஇ அலை ஒவ்வோர் இணைப்பைத் தாண்டும்போதும் கொஞ்சம் சாகும். ஜாப்பிலிருந்து மேக்னடிக் சக், சக்கிலிருந்து டேபிள், டேபிளிலிருந்து சென்சார். ஒவ்வொன்றும் ஒரு சுங்கச்சாவடி. சென்சாருக்கு அடியில் தடவிய கிரீஸ் எவ்வளவு மெல்லியது, திருகை எவ்வளவு இறுக்கினீர்கள், இன்று ஜாப் சக்கில் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது, எல்லாமே எண்ணை மாற்றும்.

நானும் இதில் விழுந்திருக்கிறேன். ஒரு முறை ஆர்எம்எஸ் ஒரே வாரத்தில் பாதியாக இறங்கியது. வீலில்தான் கோளாறு என்று இரண்டு நாள் டிரஸ்ஸிங் அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். மூன்றாம் நாள் சென்சாரைக் கழற்றினால் அடியில் கிரீஸே இல்லை. கூலண்ட் உள்ளே புகுந்து கழுவிக்கொண்டு போய்விட்டது, பளபளவென்று வெறும் உலோகம் தெரிந்தது. புதிதாகத் தடவி இறுக்கியதும் பழைய அளவு திரும்பி வந்தது. அந்த இரண்டு நாளில் நல்ல வீலிலிருந்து உரித்தெடுத்ததை நினைத்தால் இன்றும் வெட்கம்தான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் செய்வது இது. 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில், 2ஹெச் லெட், முனை 3 மி.மீ. நீட்டி, ஜாப் உட்காரும் இடத்தில் சாய்வாக வைத்து ஒடிக்க வேண்டும். லெட் ஒடியும்போது எழும் அலை ஆச்சரியப்படும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கும். ஹ்ஸு-நீல்சன் மூலம் என்று இதற்குப் பெயரே உண்டு. ஐந்து முறை ஒடித்து உச்ச அளவுகளின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். நேற்றைய சராசரியை விட்டு அதிகம் விலகியிருந்தால் வீலைத் தொடாதீர்கள், சென்சாரைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கூலண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீல் ஜாப்பைத் தொடாமல், கூலண்ட் முழு ஓட்டத்தில், டேபிள் ஓடிக்கொண்டிருக்க ஒரு பாஸ் (டேபிளின் ஒரு ஓட்டம்) பதிவு செய்யுங்கள். இதுதான் உங்கள் அடித்தளம். ஏஇ-யில் கூலண்ட் இரைச்சல் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் குவிந்திருக்கும், அவற்றை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை எங்கே வைப்பது என்பதை இந்தப் பாஸை வெட்டும் பாஸோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய முடியும். விசையில் கூலண்ட் செய்யும் கோளாறு இன்னும் நூதனமானது. சுற்றும் வீல் கூலண்டை ஜாப்புக்கும் தனக்கும் நடுவில் உள்ள ஆப்பு வடிவ இடுக்குக்குள் இழுத்துத் திணிக்கும். அந்த அழுத்தத்தால், ஒரு துகள் கூடத் தொடாமலேயே செங்குத்து விசை காட்டும். அதைக் கழிக்காவிட்டால் விகிதம் செயற்கையாகக் குறையும், நல்ல வீலை மழுங்கிய வீல் என்பீர்கள்.

டைனமோமீட்டர் டேபிள் மேல் உட்கார்ந்திருப்பதால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டேபிள் திரும்பும் முனைகளில் ஃபிக்ஸ்சரின் நிறை தள்ளும் விசை நேராகத் தொடுகோட்டுத் திசையில் வந்து விழும். இதனால் பாஸின் இரு முனைகளையும் வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். எங்கே வெட்டுவது? ஏஇ எழும் இடத்திலிருந்து ஏஇ விழும் இடம் வரை. இரண்டையும் ஒரே கடிகாரத்தில் பதிவு செய்தால்தான் இது நடக்கும் என்பதால், இரண்டு தனித்தனி லாகர்களில் எடுத்துவிட்டு அப்புறம் பொருத்திக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். டைனமோமீட்டரில் உள்ளது குவார்ட்ஸ் சென்சார் என்றால் சார்ஜ் மெல்லக் கசியும், கூலண்ட் பட்டு வெப்பநிலை மாறினாலும் கோடு நகரும், ஆகவே ஒவ்வொரு பாஸுக்கும் முன் ரீசெட் செய்யுங்கள்.

ஆழம் 20 மைக்ரான் இருக்கும்வரை கிடைமட்ட விசையையே தொடுகோட்டு விசை என்று எடுத்துக்கொள்ளலாம். தொடுகை நீளம் 3 மி.மீ.க்கும் குறைவு, கோணம் ஒரு டிகிரி கூட வராது. பின்னாளில் டேபிளை மெதுவாக ஓட்டி ஆழமாக வெட்டும் கிரீப் ஃபீடுக்குப் போய் 5 மி.மீ. ஆழம் வெட்டினால் அதே வீலில் தொடுகை 45 மி.மீ. நீளும், கோணம் 13 டிகிரியை நெருங்கும். அப்போது இரண்டு திசைகளையும் கோணம் போட்டுத் திருப்பாமல் விகிதம் பேசக் கூடாது.

இனிக் கருகல். ஸ்டீலில் கருகல் இரண்டு வகை. முதலில் டெம்பர் ஆகி மேற்பரப்பு மென்மையாகும். வெப்பம் இன்னும் ஏறி ஆஸ்டனைட் (உயர் வெப்பநிலையில் ஸ்டீல் எடுக்கும் அமைப்பு) ஆகி உடனே குளிர்ந்தால் மறுபடி கடினமாகி வெள்ளை அடுக்கு வரும், அது நொறுங்கும் தன்மை உடையது. முதல் வகை ஜாப்பின் நிறத்தில் தெரியலாம், தெரியாமலும் போகலாம், ஏனென்றால் பின்னால் வரும் மெல்லிய பாஸ்கள் நிறத்தை அழித்துவிட்டு அடியில் உள்ள சேதத்தை அப்படியே விட்டுவிடும். நைட்டல் எட்ச்சில் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்து மேற்பரப்பை அரிக்கும் சோதனை) டெம்பர் ஆன இடம் கறுக்கும், மறுகடினமான இடம் வெளிறும். உங்கள் சிக்னல்களுக்கு விடைத்தாள் இந்த எட்ச்சிங்தான், இல்லையென்றால் காந்தச் சிக்னலை வைத்து மேற்பரப்பின் நிலையைச் சொல்லும் பார்க்ஹௌசன் இரைச்சல் அளவீடு. கண்ணால் பார்த்த நிறம் விடைத்தாள் ஆகாது.

சிக்னலில் எதைப் பார்ப்பது? தன்னாற்றல் மெல்ல மெல்ல ஏறுவது அபாயம் நெருங்குவதைச் சொல்லும். ஒரே பாஸுக்குள் ஏஇ ஆர்எம்எஸ் அமைதியாக ஓடாமல் திடீரென்று சிதறத் தொடங்குவது அந்த இடத்தைச் சொல்லும். பிரேசில் ஆய்வாளர்கள் ஒரு பாஸில் ஏஇ-யின் திட்டவிலக்கத்தை அதே பாஸின் உச்ச பவரோடு பெருக்கி ஒற்றை எண்ணாகப் பார்த்திருக்கிறார்கள். கேட்டால் கைமருந்து மாதிரித் தோன்றும், ஆனால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிற எண் அது. நீங்களும் அதிலிருந்தே தொடங்கலாம். உருமாற்றத்தின்போது மார்டன்சைட் (ஸ்டீல் சட்டென்று குளிரும்போது உருவாகும் கடின அமைப்பு) எழுப்பும் ஏஇ-யைத் தனியாகப் பிரித்துக் கேட்டுவிடலாம் என்று சொல்வோரை நான் நம்புவதில்லை. நொடிக்கு 3 லட்சம் தொடுகைகளின் நடுவே அந்தக் குரலைப் பிரிப்பது ஆய்வுக்கூடத்தில் ஒற்றைத் துகள் வைத்துச் சோதிக்கும்போது நடக்கலாம், ஓடும் மெஷினில் அல்ல.

டைனமோமீட்டர் வாங்குவதா என்ற கேள்விக்கு என் பதில்: முதலில் ஒரு நல்ல பவர் சென்சார் போடுங்கள். ஸ்பிண்டில் மோட்டாரின் வெற்றோட்டப் பவரை, அதுவும் கூலண்ட் ஓடும்போது உள்ளதை, கழித்துவிட்டால் தொடுகோட்டு விசை சுமாராகக் கைக்கு வரும், தன்னாற்றல் கிடைத்துவிடும். இழப்பது செங்குத்து விசையை, அதாவது அந்த விகிதத்தை. ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். தினசரி உற்பத்திக்கு ஏஇ-யும் பவரும் போதும் என்று தெரிந்தால் டைனமோமீட்டரை இரவல் வாங்கி அளவு முறைப்படுத்த மட்டும் பயன்படுத்தலாம். ஆய்வுக்கட்டுரைதான் நோக்கம் என்றால் வாங்கத்தான் வேண்டும். சிலிண்ட்ரிகல் கிரைண்டிங்காக இருந்தால் ஜாப் சுற்றுவதால் டைனமோமீட்டரை அடியில் வைக்கவே முடியாது, சென்டர்களில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டுவார்கள், அல்லது பவரோடு நின்றுவிடுவார்கள்.

மெஷின் லேர்னிங்குக்கு வருகிறேன். டிரஸ் செய்ததும் வீலின் முதல் சில ஜாப்கள் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, அடுத்த டிரஸ்ஸுக்கு முன் வேறு மாதிரி. ஒரே டிரஸ் சுழற்சிக்குள் அடுத்தடுத்த பாஸ்கள் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றையொன்று ஒத்திருக்கும். எல்லாப் பாஸ்களையும் கலைத்துப் போட்டு, சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைச் சோதனைக்கும் எடுத்தால், மாடல் அண்ணனைப் படித்துவிட்டுத் தம்பியை அடையாளம் சொல்லும். துல்லியம் பிரமாதமாக வரும். அடுத்த வாரம் புது வீல் மாட்டியதும் கவிழ்ந்துவிடும். பிரிப்பதென்றால் முழு டிரஸ் சுழற்சிகளாகவே பிரியுங்கள், முடிந்தால் ஒரு முழு வீலையே சோதனைக்கென்று ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு பாஸின் எண்களையும் அதே சுழற்சியின் நான்காவதோ ஐந்தாவதோ பாஸால் வகுத்து, விகிதமாகக் கொடுங்கள், கிரீஸும் திருகும் செய்யும் லீலை பெருமளவு கழன்றுவிடும். எந்தப் பாஸ் டிரஸ்ஸுக்குப் பிறகு எத்தனையாவது என்ற எண்ணை ஃபைல் பெயரிலேயே எழுதி வையுங்கள். இதுவரை எடுத்த ஃபைல்களில் அது இல்லையென்றால், அவற்றை வைத்து மாடல் கட்ட உட்காராதீர்கள், புதிதாக எடுங்கள்.